கூலியும் பந்தும் – 14: பிரிஸ்பேனில் ஒடிந்த கை

என் பெரியப்பாவுக்கு இடது மணிக்கட்டு நேராக நிற்காது. கடைசிக் காலத்தில் அவர் புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுக்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். வலது கையால் கடலையை அள்ளுவார். இடது கையில் காகிதக் கூம்பு. அந்தக் கூம்பு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். கொட்டிவிடுமோ என்று வாங்க வந்த பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். ஒரு பருப்பு கீழே விழுந்து நான் பார்த்ததில்லை. அந்தச் சாய்வுக்குத் தக்கபடி அள்ளிப் போட அவர் கை பழகியிருந்தது.

மணிக்கட்டு ஒடிந்தது தோட்டத்துப் பந்து விளையாட்டில். ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டம்; இன்று அங்கே வீடுகள் நிற்கின்றன. 1960களின் தொடக்கம். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம். முதல் பாதியிலேயே விழுந்து கையை ஊன்றியதில் எலும்பு விட்டுவிட்டது. இறங்கிய பதினொரு பேர்தான் கடைசிவரை. ஒருவன் வெளியே போனால் பத்துப் பேர். யாரோ கொடுத்த துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு சீட்டி ஊதும்வரை ஓடினார். ஜெயித்தார்கள். கோப்பையை ஒற்றைக் கையால் தூக்கினாராம். இதைச் சொல்லும்போது பெரியம்மா முகத்தில் பெருமையின் சாயல்கூட இருக்காது.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் பெரியப்பாவுக்குப் பேர் விழவில்லை. அடுத்த ஏழு வாரமும் விழவில்லை. உளி பிடிக்க ஒரு கை போதாதா என்று தோட்டம் தெரியாதவர்கள் கேட்கலாம். பட்டையை மரத்தின் வளைவோடு சீவ இரண்டு கையும் வேண்டும். காண்டாவில் பால் வாளி மாட்டித் தூக்க வேண்டும், இறக்கி ஊற்ற வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியதோடு சரி. பெரியம்மா தன் நிரையை முடித்துவிட்டு, மத்தியானத்துக்குமேல் வெளிக்காட்டில் புல் வெட்டும் வேலைக்கும் போய், நாலு பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்.

இந்தத் தொடரைத் தொடங்கிய நாளிலிருந்து என் மனத்தில் கிடப்பது ஒரே கேள்வி. விளையாடப் போனவனுக்கு அன்றைய கூலி போனால் அதை யார் கொடுப்பது? அவன் உடம்பு கெட்டால் வீட்டை யார் பார்ப்பது? இதே கேள்விக்காக ஒரு நாட்டின் விளையாட்டே இரண்டாகப் பிளந்த கதை உண்டு. அந்தப் பிளவில் பிறந்த ஆட்டத்தின் முன்வரிசையில் நின்ற ஒரு மனிதர்தான் இந்த வார நாயகர். பெயர் ஆலன் பிரெஸ்காட். இங்கிலாந்துக்காரர். புந்தோங்கில் அவர் பெயரைக் கேட்டவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

அவரிடம் போகுமுன் போன வாரம் விட்ட இடத்தைத் தொட்டுக்கொள்வோம். மலாய்க் கூட்டு மாநிலங்கள் ஈயத்திலும் ரப்பரிலும் வந்த வருமானத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பல் கட்டிக் கொடுத்தன. எச்.எம்.எஸ். மலாயா. ஜட்லாண்ட் கடற்போரில் அடிபட்டுத் தப்பிய கப்பல். 1921இல் அது மலாயாவுக்கு வந்துபோனபோது கிடைத்த உபசரிப்புக்கு நன்றியாக, கப்பலின் அதிகாரிகளும் மாலுமிகளும் இரண்டு கோப்பைகளைக் கொடுத்தார்கள். ஒன்று பந்து விளையாட்டுக்கு, மற்றது ரக்பிக்கு. முதல் கோப்பைதான் மலாயா கிண்ணம் என்றும் பிறகு மலேசியக் கிண்ணம் என்றும் நம் தாத்தாக்களை ரேடியோப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தது. பேராக் அதை 1926இலும் 1931இலும் வென்றது. நம் ஆட்கள் பெயர் சொல்லி வளர்ந்தது அந்தக் கோப்பையில்தான்.

இரண்டாவது கோப்பை வேறு வாசல் வழியாகப் போனது. ரக்பி ஆடியவர்கள் தோட்டத் துரைகள், போலீஸ் அதிகாரிகள், சுரங்கப் பொறியாளர்கள். கோப்பெங் ஈயச் சுரங்கங்களை நடத்தியவர்கள் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்தவர்கள். அங்கே ரக்பி ஊர்த் திருவிழா மாதிரி. ஈப்போ பாடாங்கில் அவர்கள் ஆட, கிளப்பின் தாழ்வாரத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பிறகு கோலகங்சார் மலாய்க் கல்லூரி போன்ற ஆங்கிலப் பள்ளிகள் வழியாக அந்த ஆட்டம் மலாய், சீன, தமிழ்ப் பையன்கள் சிலரிடமும் வந்தது. தோட்டத்து லயத்துக்கு வரவே இல்லை. முட்டை வடிவப் பந்தை என் பெரியப்பா கையால் தொட்டிருக்க மாட்டார்.

ஆனால் பாடாங்கில் ஆடியது பாதி ரக்பிதான். மற்ற பாதி இங்கிலாந்தின் வடக்கே நின்றுவிட்டது. நமக்குச் சொந்தமாகியிருக்க வேண்டியது அந்தப் பாதி. என் பார்வையில் மலாயாவின் விளையாட்டு வரலாற்றில் இது பெரிய இழப்பு.

பிளவு நடந்தது இப்படி. யார்க்ஷயரிலும் லங்காஷயரிலும் ரக்பி ஆடியவர்கள் நிலக்கரிச் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் துறைமுகத்திலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை மத்தியானம்வரை வேலை. வெளியூர் ஆட்டத்துக்குப் போக வேண்டுமானால் காலையிலேயே ரயில் ஏற வேண்டும். அரைநாள் கூலி போகும். அந்தக் கூலியைச் சங்கமே கொடுக்கட்டும் என்று வடக்கத்தியர்கள் கேட்டார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் புரோக்கன் டைம், வேலை முறிந்த நேரம். கேட்டது சம்பளம் இல்லை, ஆடியதால் போன கூலி மட்டும். லண்டனில் இருந்த ரக்பி ஒன்றியத்தார் பெரும்பாலும் பெரிய பள்ளிகளில் படித்து வந்த கனவான்கள். விளையாட்டு விளையாட்டுக்காகவே இருக்க வேண்டும், காசு தொட்டால் தீட்டு என்பது அவர்கள் வாதம். 1893 செப்டம்பரில் லண்டனில் வாக்கெடுப்பு நடந்தது. யார்க்ஷயர்க்காரர்கள் ரயில் பிடித்துக் கூட்டமாகப் போனார்கள். தீர்மானம் 282க்கு 136 என்று தோற்றது.

இரண்டு வருடம் பொறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29ஆம் தேதி ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரில் ஜார்ஜ் ஓட்டலில் கூடி, வடக்கு ஒன்றியம் என்று தனியாகப் பிரிந்துவிட்டார்கள். முதல் பருவத்தில் 22 குழுக்கள். வேலை முறிந்த நேரத்துக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று விதி எழுதினார்கள். அதே 1895இல்தான் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் கூட்டு மாநில ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஈப்போ கிளப் தொடங்கியதும் அந்த வருடமே. ஒருபக்கம் வடக்கு இங்கிலாந்தின் தொழிலாளி கனவான்களின் ஆட்டத்தை உதறிவிட்டு வெளியேறுகிறான். இன்னொருபக்கம் அதே கனவான்களின் ஆட்டம் நம் ஊருக்கு வரத் தரை சமமாகிறது.

1898இல் வடக்கு ஒன்றியம் வெளிப்படையாகவே சம்பளத்தை அனுமதித்தது. ஆனால் ஒரு நிபந்தனை: ஆட்டக்காரனுக்கு உண்மையான வேறு வேலை இருக்க வேண்டும். சுரங்கத்துக்கோ ஆலைக்கோ போகாதவன் ஆட முடியாது. 1905வரை இந்த விதி இருந்தது. 1906இல் குழுவுக்கு 15 பேர் என்பது 13 ஆனது. 1922இல் பெயர் ரக்பி லீக் என்று மாறியது. லீகில் ஒருமுறை காசு வாங்கி ஆடியவனுக்கு ரக்பி யூனியன் என்ற பழைய ஒன்றியத்தின் மைதான வாசல் ஆயுளுக்கும் மூடப்பட்டது. சாதிவிலக்கு என்பதற்கு நமக்குப் பொருள் தெரியும். அது ஒரு நூற்றாண்டு நீடித்தது. 1995 ஆகஸ்டில் யூனியனே சம்பள ஆட்டமாக மாறிய பிறகுதான் ஓய்ந்தது.

இனி பிரெஸ்காட் நின்ற இடத்தைச் சொல்ல வேண்டும். 13 பேரில் 6 பேர் முன்னணியினர். அவர்களில் முதல் வரிசையில் மூன்று பேர். நடுவில் இருப்பவன் பந்தைக் காலால் கொக்கிபோட்டு இழுப்பவன். அவனுக்கு இரண்டு பக்கமும் தோள்கொடுத்து நிற்பவர்களுக்குப் புராப் என்று பெயர். புராப் என்றால் முட்டு. சுரங்கத்துக்குள் கூரை இறங்காமல் இருக்க நட்டுவைக்கும் மரத்தையும் அங்கே அதே சொல்லால்தான் அழைப்பார்கள். சுரங்கத் தொழிலாளிகள் ஆடிய ஆட்டத்தில் அந்தப் பெயர் எத்தனை பொருத்தம் பாருங்கள். தைப்பூசத்தன்று ரதம் பள்ளத்தில் சிக்கினால் பின்னாலிருந்து தோள்கொடுத்துத் தள்ளுவார்களே, அந்த மாதிரி இரண்டு அணியும் தலையைக் குனிந்து ஒன்றையொன்று தள்ளும். ஸ்க்ரம் என்பார்கள். எதிரணியின் பாரம் முதலில் இறங்குவது புராப்பின் கழுத்தில்.

ஸ்க்ரம் முடிந்தால் ஓட்டம். பந்தை முன்னால் எறியக் கூடாது, பின்னால்தான் கொடுக்கலாம். ஆகவே யாராவது ஒருவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரணிச் சுவரில் போய் முட்ட வேண்டும். சடுகுடு ஆடுகிறவனுக்கு எளிதில் புரியும்: நாலு பேர் காலையும் இடுப்பையும் பிடிப்பார்கள், அவன் கோட்டைத் தொட முண்டுவான். சடுகுடுவில் தொட்டால் மூச்சு விடலாம். இங்கே நாலடி முன்னேறி விழுந்தவன் எழுந்து, பந்தைக் குதிகாலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மறுபடியும் அதே சுவருக்குப் போக வேண்டும். 1958இல் எத்தனை முறை பிடிபட்டாலும் பந்து அதே அணியிடம் இருக்கும். கணக்கே கிடையாது. ஓடிப்போய்க் கோடு தாண்டிப் பெயர் வாங்குகிறவன் பின்வரிசைக்காரன். அவனுக்கு வழி வெட்டிக் கொடுப்பது முன்வரிசையின் வேலை. தோட்டத்தில் நிரை போட்டுக் காடு அழித்தவர் ஒருவர், பால் மரத்தின் கணக்கெழுதியவர் வேறொருவர் என்பது மாதிரி.

ஆலன் பிரெஸ்காட் 1927 ஜூன் 17ஆம் தேதி விட்னஸ் என்ற ஊரில் பிறந்தார். மெர்சி ஆற்றங்கரை. காரமும் சோப்பும் காய்ச்சும் ரசாயனத் தொழிற்சாலைகளின் புகையில் வளர்ந்த ஊர். முதலில் ஹாலிஃபாக்ஸ் குழுவுக்கு ஆடப் போனார். அப்போது அவர் முன்வரிசைக்காரர் இல்லை, ஓடும் ஆள். 1949இல் செயின்ட் ஹெலன்ஸ் குழு அவரை வாங்கியது. செயின்ட் ஹெலன்ஸ் கண்ணாடித் தொழிற்சாலைகளும் நிலக்கரிக் குழிகளும் சூழ்ந்த ஊர். அங்கேதான் புராப் ஆக்கினார்கள். ஓடிப் பழகிய கால், முட்டிப் பழகிய தோள், இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தது எதிரணிக்குத் தலைவலி. புராப் என்றால் மெல்ல நகரும் கனத்த ஆள் என்று எண்ணியிருந்தவர்கள் பந்தோடு அவர் விலகி ஓடுவதைப் பார்த்துத் தடுமாறினார்கள்.

1953இல் வெம்ப்லி மைதானத்தில் சேலஞ்ச் கிண்ண இறுதியாட்டம். ஹட்டர்ஸ்ஃபீல்டிடம் 15-10 என்று செயின்ட் ஹெலன்ஸ் தோற்றது. அந்தக் குழு அதுவரை அந்தக் கிண்ணத்தை ஒருமுறைகூட வென்றதில்லை. மூன்று வருடம் கழித்து 1956 ஏப்ரலில் மறுபடியும் வெம்ப்லி. இம்முறை எதிரணி பிரெஸ்காட்டின் பழைய குழுவான ஹாலிஃபாக்ஸ். பிரெஸ்காட் தலைவர். 13-2 என்று வென்றார்கள். தலைவரே கோடு தாண்டி ஒரு டிரை வைத்தார். ஆட்டத்தின் சிறந்த வீரருக்கு லான்ஸ் டாட் கோப்பை கொடுப்பார்கள்; புராப்புக்கு அது கிடைப்பது அபூர்வம். பிரெஸ்காட்டுக்குக் கிடைத்தது. வழி வெட்டுகிறவனின் பெயரும் கோப்பையில் ஏறலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கிரேட் பிரிட்டன் அணிக்கு அவர் ஆடியது 28 டெஸ்ட். அதில் 17இல் தலைவர். இவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் சம்பளத்தில் புரண்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்து லீக் ஆட்டக்காரன் வாரமெல்லாம் வேலைக்குப் போய்ச் சனிக்கிழமை ஆடுபவன். ஜெயித்தால் ஒரு தொகை, தோற்றால் அதைவிடக் குறைந்த தொகை. மழையில் மரம் சீவ முடியாமல் போனால் கூலி இல்லை என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. அதன் இன்னொரு வடிவம் இது.

1958. மலாயாவுக்கு விடுதலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவசரகாலம் முடியவில்லை. அதே நேரத்தில் பிரெஸ்காட்டின் தலைமையில் பிரிட்டன் அணி ஆஸ்திரேலியாவில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆஷஸ் என்ற பெயர் கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியது இல்லை, ரக்பி லீகிலும் உண்டு. மூன்று டெஸ்ட். முதல் டெஸ்ட் ஜூனில், சிட்னியில். 25-8 என்று ஆஸ்திரேலியா நொறுக்கிவிட்டது. இரண்டாவதிலும் தோற்றால் எல்லாம் போச்சு.

ஜூலை 5, சனிக்கிழமை. பிரிஸ்பேன் கண்காட்சி மைதானம். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடம்தான். ஒரு மோதலில் பிரெஸ்காட்டின் வலது முன்கை எலும்பு ஒடிந்துவிட்டது.

இங்கே கொஞ்சம் நிற்போம். முன்கை ஒடிந்தவனை நான் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். முழங்கைக்குக் கீழே கை தன் இஷ்டத்துக்கு ஆடும். விரல்கள் வீங்கி மடங்காது. நடந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் எலும்பு முனைகள் உரசும். மெல்ல நடப்பதே நரகம். பிரெஸ்காட் நின்ற இடத்தில் வேலையே மோதுவது. அதற்குத்தான் அவரைக் களத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

மாற்றாள் கிடையாது. போனால் 12 பேர். கொஞ்ச நேரத்தில் அந்த 12உம் இல்லை. பின்வரிசையில் ஸ்டாண்ட்-ஆஃப் என்ற இடத்தில் ஆடிய டேவ் போல்ட்டனுக்குக் காறை எலும்பு ஒடிந்து அவர் வெளியே போய்விட்டார். வின்ஸ் காரேலியஸுக்கு முதுகுத்தண்டில் அடி. எரிக் ஃபிரேசருக்கு முழங்கையில், ஜிம் சாலினருக்குத் தோளில். இடைவேளையில் உடைமாற்றும் அறை ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்திருக்கும். ஆட்டப் புள்ளியிலோ பிரிட்டன் முன்னால் நின்றது.

அந்த அறையில் நடந்தது என் மனத்தை விட்டு அகலாத காட்சி. அணித்தலைவரின் கை ஒடிந்தது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மேலாளர் டாம் மிச்செலும் பயிற்றுநர் ஜிம் பிரஃபும் அங்கே இருந்தார்கள். அடுத்த பாதிக்கும் அவர் இறங்க வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். ஒற்றைக் கை ஆளானாலும் களத்தில் ஓர் ஆள் நின்றால் எதிரணி அவனையும் கணக்கில் எடுக்க வேண்டும். போய்விட்டால் அந்த இடம் ஓட்டை. பிரெஸ்காட் எழுந்து போனார்.

போல்ட்டனின் இடத்துக்குக் காரேலியஸ் மாறினார். அவரும் விட்னஸ் ஊர்க்காரர்தான், லித்துவேனிய வம்சாவளி. அந்தச் சுற்றுப்பயணத்தில் ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் அவருக்குப் பாம்பாஸ் காட்டுக் காளை என்று பெயர் சூட்டின. நிமிர முடியாத முதுகோடு, பழக்கமில்லாத இடத்தில் அவர் நின்றார். பக்கத்தில் 19 வயதுப் பையன் அலெக்ஸ் மர்ஃபி, பின்னாளில் லீக் வரலாற்றின் பெரிய பெயர்களில் ஒன்று. பிரெஸ்காட் வலது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடினார். பிடிக்க முடியாத இடத்தில் உடம்பைக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். பந்து வந்தபோது இடக்கையால் வாங்கி இடக்கையால் கொடுத்தார். சீட்டி ஊதியபோது புள்ளிகள் 25-18. பிரிட்டன் வென்றிருந்தது.

இரண்டு வாரம் கழித்துச் சிட்னியில் மூன்றாவது டெஸ்ட். பிரெஸ்காட் ஆடவில்லை, ஆட முடியாது. பிரிட்டன் 40-17 என்று ஆஸ்திரேலியாவைத் துவைத்து ஆஷஸை வென்றது. பிரிஸ்பேனில் அந்த ஒரு சனிக்கிழமை தோற்றிருந்தால் இந்த 40க்கு மதிப்பே இருந்திருக்காது.

பிரிஸ்பேன் ஆட்டம்தான் பிரெஸ்காட்டின் கடைசி டெஸ்ட்.

ரக்பி லீக் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்தக் கதையை வீரக்கதையாகத்தான் எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். எலும்பு ஒடிந்தும் தன் ஆட்களை விட்டு வெளியே போக மனமில்லாத மனிதரை வீரர் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? நானும் அவருக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் கதையை அங்கே நிறுத்தினால் மனம் ஒப்பவில்லை. அவர் ஏன் இறங்க வேண்டியிருந்தது? மாற்றாள் கிடையாது என்று ஒரு விதி இருந்ததால். அந்த விதியை எழுதியது கடவுள் இல்லை. போன கூலியைக் கேட்டுத் தைரியமாகப் பிரிந்து வந்த அதே ஆட்டம், போன கைக்கு வழி செய்யாமல் அறுபது வருடத்துக்கும் மேல் இருந்துவிட்டது. கூலிக்காகப் போராடியவர்கள் உடம்பைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டார்கள்.

1964இல்தான் லீக் ஆட்டத்தில் மாற்றாள் வந்தது. இரண்டு பேர், அதுவும் காயம் என்றால் மட்டும், அதுவும் இடைவேளைக்குள். 1969இல் கட்டுப்பாடு தளர்ந்தது. இங்கிலாந்தின் பந்து விளையாட்டு லீகிலும் 1965இல்தான் முதல் மாற்றாள் இறங்கினார். நம் தோட்டத்துத் திடல்களுக்கு அது எப்போது வந்து சேர்ந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

தொழிலாளி உடம்புக்கான சட்டங்களும் இப்படித்தான் நகர்ந்து நகர்ந்து வந்தன. மலாயாவில் 1952இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்புக்கான சட்டம் 1969இல் நிறைவேறி, 1971இல் நடைமுறைக்கு வந்தது. வேலையில் பட்ட காயத்துக்கே இவ்வளவு காலம். ஞாயிற்றுக்கிழமை பந்தில் ஒடிந்த கை அன்று எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படவில்லை. பெரியப்பா தோட்டத்தின் பேருக்காக ஆடினார், கோப்பை தோட்டத்து ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் இருந்தது. இருந்தும் அது வேலைக்காயம் இல்லை.

பிரெஸ்காட்டுக்கு அதன்பிறகு நல்ல காலமும் இருந்தது. செயின்ட் ஹெலன்ஸ் குழுவுக்கே பயிற்றுநர் ஆனார். 1961இல் வெம்ப்லியில் விகன் குழுவை 12-6 என்று வீழ்த்தி, சேலஞ்ச் கிண்ணத்தை இரண்டாம் முறையாக அந்த ஊருக்குக் கொண்டுவந்தார். தலைவராக ஒன்று, பயிற்றுநராக ஒன்று. அந்த இரண்டாவது வெற்றியில் களத்தில் நின்றவர்களில் காரேலியஸும் ஒருவர். காரேலியஸ் அதற்குப் பிறகு சொந்த ஊரான விட்னஸுக்குத் திரும்பி 1964இல் அதன் தலைவராகவும், 1975இலும் 1984இலும் பயிற்றுநராகவும் இருந்து அதே கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார். ஒரே ஊர்ப் புகையில் வளர்ந்த இருவர், பிரிஸ்பேனில் ஒன்றாக வலி தின்றவர்கள். இவர்கள் கதை மட்டுமே தனித் தொடருக்குத் தாங்கும்.

பிரெஸ்காட் 1998 செப்டம்பரில் காலமானார். வயது 71. ஒடிந்த கை கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் அதைப் பற்றிப் பேசினார்கள். தலையில் பட்ட அடிகள் தெரியவில்லை. இன்று முன்னாள் லீக் ஆட்டக்காரர்கள் பலர், இளம் வயதில் பட்ட மோதல்களால் மூளை பழுதுபட்டது என்று ரக்பி ஃபுட்பால் லீக் அமைப்பின் மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள். வலியோடு இறங்கியதைப் புகழாமல், இறக்கியவர்களின் பொறுப்பைக் கேட்கும் வழக்கு. 1893இல் லண்டன் ரயில் ஏறிய யார்க்ஷயர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

இந்தப் பகுதியை எழுதி முடித்த அன்று சாயங்காலம் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். இன்னும் புந்தோங்கில்தான் இருக்கிறார். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது வெளியேறி வந்து சேர்ந்த அதே வரிசை வீடு. கண் சரியாகத் தெரியாது, ஆனால் முறத்தில் கடலையைப் பரப்பிச் சொத்தையை விரலாலேயே கண்டுபிடித்துத் தள்ளிவிடுவார். பிரெஸ்காட் கதையை முதலிலிருந்து சொன்னேன். சின்ன வயதில் அவர் எனக்குக் கதை சொன்ன அதே திண்ணையில்.

இடைவேளை அறை வந்ததும் கை நின்றது. "ஏம்ப்பா, மறுபடியும் போகணும்னு நெனச்சது அந்த மனுஷனா, கூட இருந்தவங்களா?"

"ரெண்டு பேரும்தான் பெரியம்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று போனது. பிறகு, "உங்க பெரியப்பாவ யாரும் போய் ஆடுன்னு சொல்லல. வெளிய வந்துடுங்கன்னும் ஒருத்தரும் சொல்லல. திடல்ல அத்தன பேரு நின்னோம். நானும்தான் நின்னேன்" என்றார்.

முறத்தை மடியில் சரிசெய்துகொண்டு மறுபடியும் கடலையைத் தடவ ஆரம்பித்தார்.

(தொடரும்)